ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

ஷார்ஜாவில் வாட்ஸப் கால் போகாது. மெசேஜ் போகும், போட்டோ போகும், குரலைப் பதிவு செய்து அனுப்பினால் அதுவும் போகும். ஆனால் நேருக்கு நேர் ஹலோ சொல்லிப் பேச முடியாது. அந்த ஊர் ஏற்பாடு அப்படி. அதை நொந்து என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் சிவராமனுக்கு நடந்ததை நினைத்தால், அந்தப் பாழாய்ப்போன ஏற்பாட்டின் மேல்கூட எனக்குக் கோபம் வருகிறது.

சிவராமன் ஆவடிக்காரன். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே பக்கத்து பிளாக் கார்த்திகாவைக் காதலித்து, இரண்டு வீட்டுச் சண்டையையும் தாங்கிக் கல்யாணம் செய்துகொண்டவன். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். வாரம் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் வெயிலில் வெந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மனுஷனாக இருப்பான். அறையில் மற்றவர்கள் அன்றைக்குத் தூங்குவார்கள், துணி துவைப்பார்கள், ஊருக்குப் பேசிவிட்டு அழுவார்கள். சிவராமன் மட்டும் கீழ்க்கட்டில் முகமது ஆசிக்கிடம் ஹெட்போனை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காருவான். ஆவடிக்குப் பக்கத்துப் பருத்திப்பட்டிலிருந்து ஒரு பைக்கின் சத்தம் பதிவாகி வரும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

“ஊர்ல எல்லாம் பொண்டாட்டி குரலக் கேக்கும், இவரு சைலன்சர் குரலக் கேக்கறாரு” என்று ஆசிக் கிண்டல் செய்வான். அவனும் பூந்தமல்லிக்காரன்தான், அந்த உரிமை.

வண்டி ஆர்எக்ஸ் நூறு. டூ ஸ்ட்ரோக், கறுப்பு டேங்க். சிவராமன் பேரில் இந்த உலகத்தில் இருந்த ஒரே சொத்து அதுதான். சம்பளம் அம்மாவின் மருந்து, தங்கச்சியின் கல்யாணம், வீட்டு வாடகை என்று வந்த வழியே போய்விடும். வண்டி மட்டும்தான் தங்கியது. ஷார்ஜாவுக்குக் கிளம்புகிற சமயத்தில் பூந்தமல்லி ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் ‘கிரீச்’ என்று கத்திவிட்டுப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து தள்ளிக்கொண்டே வந்து, பருத்திப்பட்டில் பாபுவின் மெக்கானிக் ஷெட்டில் போட்டான். பாபு பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ், வாத்தியாரிடம் வாங்கிய அடிகூட ஒரே அடி.

“நீ போய்க்கினே இரு மாமே. வண்டி எங்கையில கீது. என் கொயந்த மாரி பாத்துக்கிறேன்” என்றான் பாபு.

“நான் அங்கேருந்து சாமான் அனுப்பறேன். ஆனா ஒண்ணு. ரெடியாவற வரைக்கும் எனக்கு வண்டிய காட்டாத. பிரிச்சிப் போட்டுக் கெடக்கறத என்னால பாக்க முடியாது. சத்தத்த மட்டும் அனுப்பு. மிச்சத்த நான் வந்து நேர்ல பாத்துக்கறேன்.”

கேட்டுக்கொண்டீர்களா? அவனே வாயால் கேட்டு வாங்கிக்கொண்டது. அங்கேதான் கோட்டை விட்டான். கார்த்திகாவோடு வீடியோவில் பேச காசு கட்டி ஒரு ஆப் வைத்திருந்தான். ‘ஷெட்டுக்குப் போய் ஒரு தடவை வண்டியைக் காட்டு’ என்று அவளிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்து வேலை. சொல்லவில்லை. பைக்கைக் காதால் பார்க்கத் தெரிந்தவன் என்று அவனுக்கு ஒரு கர்வம். பாபு மேல் அதைவிடப் பெரிய நம்பிக்கை.

ஷார்ஜாவில் சாமான் தேடி அவன் அலைந்த அலைச்சலைத் தனிக் கதையாகவே சொல்லலாம். அந்த மாடலைத் தயாரிப்பதை நிறுத்தியே ஒரு தலைமுறை ஆகிறது. சென்னையில் கிடைப்பது பாதிக்கு மேல் டூப்ளிகேட். இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் சந்துகளில் லாகூர்க்காரர் ஒருவர் பழைய உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அவருடைய ஊரிலும் இதே எஞ்சினின் அண்ணன் தம்பிகள் ஓடிக்கொண்டிருக்கின்றனவாம். பிஸ்டனும் ரிங்கும் அவரிடம் கிடைத்தன. கார்புரேட்டர் தாய்லாந்திலிருந்து வந்தது. பிஸ்டனைப் பால் பவுடர் டப்பாவுக்குள் புதைத்து, கார்புரேட்டரைக் கார்த்திகாவுக்கு வாங்கிய நைட்டியில் சுற்றி, ஊருக்குப் போகிறவர்களின் காலைப் பிடித்துக் கொடுத்தனுப்புவான். ஒரு தடவை ஏர்போர்ட்டில் அந்த நைட்டியைப் பிரித்துப் பார்த்த அதிகாரி, உள்ளே இருந்ததையும் கொண்டுவந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாராம். ‘சமையல் சாமான் சார்’ என்று அந்த மனுஷர் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்திருக்கிறார். பொட்டலங்களைக் கார்த்திகா வாங்கிக்கொண்டு போய் பாபுவிடம் கொடுப்பாள்.

எஞ்சின் முதன்முதலாக ஸ்டார்ட் ஆனது ஒரு பொங்கல் சமயத்தில். பாபு அனுப்பிய பதிவில் கிக்கர் உதைக்கும் ஓசை, மறுபடி உதைக்கும் ஓசை, அப்புறம் ‘டர்ர்ர்’ என்று அந்தச் சத்தம். கூடவே தூரத்தில் ஒரு பெண் ‘யேய்ய்ய்’ என்று கத்துவதும் கேட்டது. சிவராமன் மாடிப்படியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அழுது முடித்துவிட்டு, “யார்றா அது, பொண்ணு கொரலு?” என்று கேட்டு அனுப்பினான்.

“ரோட்ல போற கசுமாலம் மாமே. நீ வண்டிய கேளு” என்று பதில் வந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ட்யூனிங். பாபு போனைச் சைலன்சரிடம் காட்டுவான். சிவராமன் கேட்டுவிட்டு, கீழே, அதாவது மெதுவாக ஓடும்போது, பெட்ரோல் அதிகம், காற்றுக்கான ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே எடு என்பான். பாபு திருகிவிட்டு மறுபடி அனுப்புவான். சில சமயம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் முனையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புவான். கறுத்திருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி, வெளுத்திருந்தால் காற்று ஜாஸ்தி, காபி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. காபி நிறம் வந்த அன்று சிவராமன் அறை முழுக்க டீ வாங்கிக் கொடுத்தான்.

கடைசியாக அனுப்பிய சாமான் ஒரு ரீட் வால்வ். எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் நுழைகிற வாசலில் இருக்கும் மெல்லிய தகடு. பழையதை எடுத்துவிட்டு நல்லதைப் போட்டால் வண்டி முதல் திருகலிலேயே துள்ளும். அதற்காக மாசக்கணக்கில் லாகூர்க்காரரை நச்சரித்து வாங்கினான். “கொடுத்துட்டேன்” என்றாள் கார்த்திகா. “மாட்டிட்டேன் மாமே, பிக்கப்ப கேளு” என்றான் பாபு. சிவராமன் கண்ணை மூடிக் கேட்டான்.

“அடடா! தெரியுதுடா! மொத கியர்லயே தெரியுது!” என்று கூவிவிட்டு, ஹெட்போனை ஆசிக்கின் காதில் திணித்தான். “கேட்டியா வித்தியாசத்த?” ஆசிக்குக் கொசு கத்துவதற்கும் பைக் கத்துவதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பாபு அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது. “பேசாம வந்துடு மாமே. உன் காது, என் கை. டூ ஸ்ட்ரோக்குன்னா நம்ம ஷெட்டுன்னு ஊரே வரணும்” என்பான். போகிற போக்கில் சொன்னானோ என்னவோ, சிவராமன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அந்த வருஷம் லீவுக்குக் கிளம்பும்போது திரும்பிவர டிக்கெட் இருந்தது. ஆனால் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். ஆசிக்கிடம் மட்டும் சொன்னான். தன்னுடைய கெட்டிலையும் கம்பளியையும் அவனுக்கே கொடுத்தான்.

“இனிமே நாயித்துக்கெழம நேர்லயே கேப்பேன்டா” என்றான். வருகிற விஷயத்தைக் கார்த்திகாவிடமும் சொல்லவில்லை, பாபுவிடமும் சொல்லவில்லை. எல்லாரையும் அசத்தவேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்த கார்த்திகா முதலில் அப்படியே நின்றாள். அப்புறம் “எருமை! சொல்லிட்டு வரமாட்டியா?” என்று தோளில் நாலு அடி அடித்துவிட்டு, அதே தோளில் சாய்ந்து அழுதாள்.

“எத்தினி நாள் லீவு?” என்று கேட்டாள், பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டே.

“நாயித்துக்கெழம சொல்றேன்.”

“அது இன்னா நாயித்துக்கெழம கணக்கு?”

“வண்டியில உன்ன பின்னாடி ஏத்திகினு ஏரிப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு அப்பறம் சொல்றேன். வா, இப்பவே பாபுவ ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்.”

கார்த்திகா பெட்டியின் கைப்பிடியை விட்டாள். “பாபு மாமியார் ஊட்டுக்குப் போயிருக்கான். திங்கக்கெழமதான் வருவான்” என்றாள். கவனித்திருந்தால் தெரிந்திருக்கும், எப்போதும் ‘பாபு அண்ணன்’ என்பவள் வெறும் பாபு என்றாள். சிவராமன் எங்கே கவனித்தான்? சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தான். சனிக்கிழமை அவள் திருவேற்காடு கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். போகிறபோதும் வருகிறபோதும் அவன் வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவள் பஸ் ஜன்னல் வழியாக நூம்பல் பக்கம் முளைத்திருக்கும் அபார்ட்மெண்டுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டன் வாங்கப் பையோடு கிளம்பினான். கறிக்கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் பாபுவின் ஷெட். கறியை வாங்கிக்கொண்டு, பூட்டியிருக்கிற ஷெட்டை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்தப் பக்கம் நடந்தான். ஷட்டர் ஏறியிருந்தது. உள்ளே பாபு, கட்டம்போட்ட புதுச் சட்டையில், ஒரு ஸ்கூட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவராமனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திங்கட்கிழமை வருகிறவன் முன்னாலேயே வந்துவிட்டான் போலிருக்கிறது! எதிரே இருந்த டீக்கடையில், தொங்கிக்கொண்டிருந்த பிஸ்கட் பாக்கெட் சரங்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னான். குடித்துவிட்டுப் போய்ப் பின்னாலிருந்து அவன் கண்ணைப் பொத்த வேண்டும் என்று திட்டம்.

டீ பாதி இருக்கும்போது அந்தச் சத்தம் வந்தது.

வண்டி இன்னும் தெருமுனை திரும்பவில்லை. சத்தம் மட்டும் வந்தது. அவனுடைய வண்டி! கியர் குறையும்போது வரும் அந்தக் கடகடப்பு, மறுபடி திருகும்போது கிளம்பும் அந்த விசில். ஒவ்வொன்றும் அவன் மாடிப்படியில் உட்கார்ந்து சரிசெய்தது. ஆயிரம் வண்டிக்கு நடுவில் விட்டாலும் சொல்லுவான். எழுந்தே நின்றுவிட்டான்.

முனை திரும்பி வந்தது நீல நிற டேங்க். ஓட்டிக்கொண்டு வந்தது ஹெல்மெட் போட்ட ஒரு பெண்.

பெயிண்ட் அடித்துவிட்டான் போலிருக்கிறது, யாரோ கஸ்டமர் ஓட்டிப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று மனசு அவசர அவசரமாகக் காரணம் தேடியது. வண்டி ஷெட்டு வாசலில் நின்றது. நம்பர் பிளேட் நேராகத் தெரிந்தது. அது அவனுடைய நம்பர் இல்லை.

பாபு கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஆக்சிலரேட்டரைத் திருகச் சொன்னான். போனை எடுத்துச் சைலன்சரிடம் காட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, சிவராமனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

அழுத்திக் காதில் வைத்தான்.

“இன்னா மாமே, தூங்கிகினு கீறியா? உன் வண்டி வந்துகினு கீது, கேளு. கீழ லேசா அடிச்சிக்குது பாரு.” அப்புறம் அந்தச் சத்தம். போனுக்குள்ளும் அதே சத்தம், ரோட்டுக்கு அந்தப் பக்கமும் அதே சத்தம்.

எழுந்து ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் அவனுக்கு இன்னும் நம்ப முடியவில்லை. நம்ப வேண்டாம் என்றே ஒரு தடவை சோதித்துப் பார்த்தான். போனை வாயருகே கொண்டுபோய், வழக்கமான குரலில் சொன்னான்.

“கீழ கொழகொழன்னு கீது. ஏர் ஸ்க்ரூவ கால் சுத்து வெளிய எடு.”

ரோட்டுக்கு எதிரே பாபு போனை முன்னால் நீட்டிப் பிடித்துக் கேட்டான். தலையாட்டினான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குனிந்து, கால் சுற்று திருகினான். வண்டி சீராக உறுமியது. அந்தப் பெண் கைதட்டினாள்.

சிவராமன் ரோட்டைக் கடந்தான். ஒரு ஷேர் ஆட்டோக்காரன் பிரேக்கை மிதித்துவிட்டு, “ஊட்ல சொல்லிகினு வந்தியா?” என்று கத்தினான். அது அவன் காதில் விழவில்லை. பாபுவுக்குப் பின்னால் போய் நின்றான். கண்ணைப் பொத்தவில்லை.

“இப்ப சரியா கீதா மாமே?” என்று கேட்டான்.

பாபு திரும்பினான். அவன் முகம் போன போக்கை நான் என்னத்தைச் சொல்ல. ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து நழுவியது. ஆனால் முதலில் வாயைத் திறந்தது அந்தப் பெண்தான். ஹெல்மெட்டைக் கழற்றினாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையின் பட்டை தொங்கியது. முகமெல்லாம் மலர்ந்து, “அண்ணா! நீங்க ஷார்ஜா அண்ணன் தானுங்க? குரல வெச்சே கண்டுபிடிச்சிட்டனுங்க! வாரா வாரம் பாபு அண்ணன் ஸ்பீக்கர்ல போடுவாருங்க” என்றாள். ஈரோட்டுப் பேச்சு. “நான் ரோஷினிங்க. ஐடில வேல, நூம்பல்ல ஃப்ளாட்டுங்க. நீங்க இல்லாட்டி இந்த வண்டியே இல்லீங்ண்ணா. மொத தடவ ஸ்டார்ட் ஆனப்ப நான் கத்துன கத்துல டீக்கடைக்காரரே ஓடி வந்துட்டாருங்க.”

அந்த ‘யேய்ய்ய்’. சிவராமனுக்கு அந்தக் குரலும் தெரிந்துவிட்டது.

“எனக்காக எத்தன சாமான் தேடி அனுப்பியிருக்கீங்க! தீபாவளிக்கு உங்களுக்குன்னு ஒரு சட்ட எடுத்துக் குடுத்தனுங்களே, வந்து சேந்துச்சுங்களா?”

சிவராமன் பாபுவின் கட்டம்போட்ட சட்டையைப் பார்த்தான். பாபுவின் கை தானாகக் காலருக்குப் போனது. அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது.

சிவராமன் நீல டேங்கின் அடியில் கையை விட்டுத் தடவினான். இடது பக்கம், விரல் நுனியில், அந்தப் பள்ளம். பழைய குவார்ட்டர்ஸ் கேட்டில் மோதி அவனே விழவைத்த பள்ளம்.

“டேங்க் என்னுது. எஞ்சினுக்குள்ள கீறது என்னுது. என் வண்டி எங்கடா?”

சிவராமன் அவனைத் தாண்டி ஷெட்டுக்குள் போய், பின்கதவைத் தள்ளினான். மதில் ஓரத்தில் ஒரு இரும்புக்கூடு சாய்ந்திருந்தது. சக்கரம் இல்லை, சீட் இல்லை, டேங்க் இல்லை. கைப்பிடி வரைக்கும் கோவைக்கொடி ஏறி, சிவப்பாக இரண்டு பழம் தொங்கியது. பின்னால் நம்பர் பிளேட் மட்டும் பத்திரமாக இருந்தது. அது அவனுடைய நம்பர்.

“தொறந்து பாத்தா எஞ்சின் கேஸே வெடிச்சிப் போயிருந்துச்சி மாமே” என்றான் பாபு பின்னால் நின்றுகொண்டு. “செத்துப் போச்சி. சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ அதுக்குள்ள பிஸ்டன் வாங்கிட்டேன், ரிங் வாங்கிட்டேன்னு குதிச்சிகினு கீற. எப்புடி சொல்றது? அப்பறம் இந்தப் பொண்ணு பழைய ஆர்எக்ஸ் ஒண்ண தள்ளிகினு வந்துச்சி. சாமான் சும்மா கெடந்துச்சி. உன் சந்தோசமும் கெட வேணாம், இந்தப் பொண்ணு வண்டியும் ஓடட்டும்னு...”

“என் சந்தோசத்துக்கா? ச்சீ! சொல்றதுக்கு வாய் கூசல?” “ரெண்டு வார்த்தடா. செத்துப்போச்சி மாமேன்னு ரெண்டு வார்த்த. அழுதுட்டு வுட்ருப்பேனேடா. ஒவ்வொரு நாயித்துக்கெழமயும் என்ன கோமாளியாக்கி ஸ்பீக்கர்ல வுட்டு கேட்டுகினு இருந்திருக்கியே. ஒரே டிபன் பாக்ஸ்ல துன்னோமேடா!”

“உன்ன கோமாளியாக்கணும்னு எனக்கு இன்னா மாமே? கார்த்திகா தங்கச்சிக்கும்தான் தெரியும். அதுவும்தான் சொல்லல.”

தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அவன் போட்ட போடு இருக்கிறதே, அது சரியான இடத்தில் விழுந்தது. சிவராமன் திரும்பி வாசலுக்கு நடந்தான்.

வாசலில் ரோஷினி சாவியை நீட்டிக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. “எனக்குச் சத்தியமா தெரியாதுங்ண்ணா. வண்டிய நீங்களே எடுத்துக்குங்க.”

“உன்னுதும்மா அது. நான் கேட்டது எல்லாம் உன் வண்டியத்தான்” என்றான் சிவராமன். வேறென்ன சொல்வான்? அவள் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது. மட்டன் பையை டீக்கடையிலேயே விட்டுவிட்டதை வீட்டு வாசலுக்கு வந்துதான் கவனித்தான்.

கார்த்திகா மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். வெறும் கையோடு வந்தவனின் முகத்தைப் பார்த்ததும் மிக்சியை நிறுத்தினாள்.

“பாத்துட்டியா?” என்றாள்.

“எப்பத்திலேருந்து தெரியும்?”

“போன ஆடியிலேருந்து. பார்சல் குடுக்கப் போனேன். அவன் இல்ல. பின்னாடி பாத்தேன். அவன் வந்ததும் வாயில வந்தத எல்லாம் கேட்டுட்டு வந்தேன். அதுக்கப்பறம் அவன் மூஞ்சில முழிக்கல.”

“அவன கேட்டியே, எங்கிட்ட ஏன் சொல்லல?”

“எப்புடி சொல்றது? வாரம் பூரா போன் பண்ணா ‘உம்’, ‘சரி’, ‘வெச்சிர்றேன்’. அவ்ளோதான் உன் பேச்சு. நாயித்துக்கெழம சாயங்காலம் பண்ணா மட்டும் சிரிப்ப. பிக்கப் ஏறிடுச்சிடி, சத்தம் வந்துடுச்சிடின்னு குதிப்ப. அந்த ஒரு நாளயும் நான் புடுங்கிப் போடவா? நேர்ல வந்தப்பறம் பக்கத்துல வெச்சிகினு சொல்லலாம்னு இருந்தேன். திங்கக்கெழம சொல்லியிருப்பேன், சாமி சத்தியமா.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“இத மட்டும் அவனுக்குக் குடுக்கல. நீ அவ்ளோ அலஞ்சி வாங்குனது. அவனுக்கு எதுக்குத் தரணும்னு வெச்சிக்கினேன்” என்றாள். இதையாவது காப்பாற்றினேன் பார் என்கிற மாதிரி ஒரு குரல். பாவம், அவள் அன்பாகத்தான் எடுத்துவந்தாள்.

லாகூர்க்காரர் ஒட்டிய பழுப்பு டேப் அப்படியே இருந்தது. சிவராமன் அதைப் பிரித்தான். உள்ளே எண்ணெய்க் காகிதம் சுற்றிய புது ரீட் வால்வ், ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னியது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பாபு பொய் சொன்னான், சரி. கார்த்திகா பொய் சொன்னாள், சரி. ஆனால் வண்டியில் ஏறவே ஏறாத இந்தத் தகட்டின் சத்தத்தைக் கேட்டேன் என்று இவனே சொன்னானே, மொத கியரிலேயே தெரிகிறது என்று கூவினானே, ஆசிக்கின் காதில் ஹெட்போனைத் திணித்தானே, அது யார் சொன்ன பொய்? ‘உன் காது, என் கை’ என்றானாம் பாபு. அந்தக் காதை நம்பித்தான் இவன் கெட்டிலையும் கம்பளியையும் கொடுத்துவிட்டு வந்தான்.

எழுந்து பால்கனிக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். ஆசிக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினான். “ஆசிக்கு, கெட்டில யாருக்கும் குடுத்துடாத. கம்பளியும் அப்டியே இருக்கட்டும்.”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஆசிக் எதுவும் விசாரிக்கவில்லை. “சரி மச்சான், உன் கட்டில் மேலயே வெச்சிர்றேன்” என்றான். அவன் குரலுக்குப் பின்னால் அந்த அறையின் ஏசி இரைந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்தபோது கார்த்திகா சாம்பாருக்குப் பருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது திட்டுவான், அடிக்கக்கூட வருவான் என்று காத்திருந்தவள் மாதிரி இருந்தாள். அவன் பிரித்துப் போட்டிருந்த ரீட் வால்வைக் கையில் எடுத்தான். ஏதாவது பேசவேண்டும் என்று கேட்டாள்.

“நாயித்துக்கெழம சொல்றேன்னியே. எத்தினி நாள் லீவு?”

சிவராமன் ரீட் வால்வை அதே காகிதத்தில் சுற்றி, பழையபடி டேப்பை அழுத்தி ஒட்டினான்.

“ஒரு மாசம்” என்றான்.